ரோஜாச் செண்டும் கோட்டுப் பூவும் பொருந்தி வர: மாலையையும் கணக்கில் சேருங்கள்

கேள்வி: பிப்ரவரி முதல் வாரத்தில் பாளையங்கோட்டையில் என் தங்கையின் திருமணம். காலை பத்தரை மணிக்கு ஆலயத்தில் ஆராதனை, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. தங்கைக்குச் சந்தன வெள்ளையில் தங்கச் சரிகை போட்ட காஞ்சிப் பட்டு. மாப்பிள்ளைக்குக் கருநீலக் கோட்டு. தோழிப் பெண்கள் நான்கு பேருக்கும் மங்கிய ரோஜா நிறப் புடவை. பூச்செண்டுகளும் கோட்டில் குத்தும் பூக்களும் ஒரே செட்டாகத் தெரிய வேண்டும் என்று தங்கை ஆசைப்படுகிறாள். எல்லாவற்றையும் ஒரே சிவப்பு ரோஜாவில் செய்தால் போதுமா? எத்தனை பூ வேண்டியிருக்கும்? வெயிலுக்குப் பயந்து செயற்கைப் பூ வாங்கிவிடலாமா? எங்களுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் தங்கையைக் கைப்பிடித்து ஆலயத்துக்குள் அழைத்து வருகிறார். அவர் பட்டு வேட்டி சட்டைதான் அணிவார். அவருக்கும் பூ குத்தலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தங்கையின் திருமணத்துக்கு என் மனமார்ந்த வாழ்த்து. உங்கள் கடிதத்தில் புடவை, கோட்டு, தோழிகள், பெரியப்பா என்று எல்லாம் தெளிவாக இருக்கின்றன. பூமாலை மட்டும் இல்லை. நம் பக்கத்துக் கிறிஸ்தவத் திருமணங்களில் மணமக்களுக்கு மாலையும் உண்டு. அந்த மாலை மாப்பிள்ளையின் தோளில் விழுந்ததும் கோட்டின் இடப்பக்கம் குத்திய பூ அதற்கு அடியில் போய்விடும். மணமகள் கையில் இருக்கும் செண்டு மாலையின் குஞ்சத்துக்கு நேராக வந்து நிற்கும். அன்றைக்கு எடுக்கும் படங்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எடுப்பவைதான். செண்டை ஒரு கடையிலும் மாலையை இன்னொரு கடையிலும் கார் அலங்காரத்தை மூன்றாவது ஆளிடமும் சொல்லிவிட்டு, ஆல்பம் வந்த பிறகு மூன்றும் மூன்று வீட்டுக் கல்யாணம் போல இருப்பதைப் பார்த்து வருந்தியவர்கள் பலரை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் கேட்டவற்றுக்குச் சொல்லும்போதே மாலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சிவப்பு. எல்லாவற்றையும் சிவப்பில் செய்வது சுலபம், ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் துணிகளுக்கு அது சேராது. கருநீலக் கோட்டில் குத்திய அடர்சிவப்பு ரோஜா பக்கத்தில் நின்று பார்க்கும்போது அழகாக இருக்கும். பத்தடி தள்ளிப் போனால் கறுத்துத் தெரியும், படத்தில் இன்னும் கறுக்கும். நேருவின் மேலங்கியில் சிவப்பு ரோஜா அவ்வளவு எடுப்பாகத் தெரிந்ததற்கு அவர் அடிக்கடி அணிந்த வெளிர் நிறத் துணியும் ஒரு காரணம். தோழிகளின் மங்கிய ரோஜா நிறத்தின் மேல் அடர்சிவப்பு வந்தால் புடவை வெளுத்துப்போனது போலத் தோன்றும். இவற்றோடு தேதியும் சேர்ந்துகொள்கிறது. காதலர் தினத்துக்காக ஓசூர், தளி வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் அறுவடையாகும் சிவப்பு ரோஜா ஜனவரிக் கடைசியிலிருந்தே வெளிநாட்டுக்கும் பெருநகரங்களுக்கும் போகத் தொடங்கிவிடும். நமக்கு மிஞ்சுவது விலை ஏறிய பூவாகவோ தரம் இறங்கிய பூவாகவோ இருக்கும். தவக்காலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று நம் ஆலயங்களில் திருமணங்களும் அந்த வாரங்களில்தான் நெருக்கி வரும்.

செட்டாகத் தெரிய எல்லாருடைய கையிலும் ஒரே பூ இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவருடைய பூவும் பக்கத்தில் நிற்பவரின் பூவோடு ஏதாவது ஒரு நிறத்தைப் பகிர்ந்துகொண்டால் போதும். உங்களுக்கு நான் மூன்று வகை ரோஜாக்களைச் சொல்வேன்: வெள்ளைக்கு அவலாஞ்ச், வெள்ளை இதழின் விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பு ஓடும் ஜுமிலியா, முழு இளஞ்சிவப்புக்கு நோபிளஸ். இவற்றில் நடுவில் இருக்கும் ஜுமிலியாதான் உங்கள் செட்டைச் சேர்த்துக் கட்டும் கயிறு. அதன் வெள்ளை மணமகளின் புடவையோடு பேசும், அதன் விளிம்பு தோழிகளின் புடவையோடு பேசும்.

மணமகளின் செண்டு 14 அவலாஞ்சும் 10 ஜுமிலியாவுமாக 24 பூ. இது ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு வரும். அதற்கு மேல் போனால் புடவையின் முந்திச் சரிகையை மறைத்துவிடும். தோழி ஒருவருக்கு 5 ஜுமிலியா, 4 நோபிளஸ். பூத் தூவ வரும் சிறுமிகள் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 5 நோபிளஸ். மாப்பிள்ளையின் கோட்டுக்கு ஓர் அவலாஞ்ச், மணமகள் கையில் இருக்கும் அதே கட்டிலிருந்து எடுத்தது. மாப்பிள்ளைத் தோழனுக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் ஒவ்வொரு ஜுமிலியா. வரவேற்று உட்காரவைக்கும் பையன்கள் நான்கு பேருக்கு நோபிளஸ். கூட்டிப் பார்த்தால் அவலாஞ்ச் 15, ஜுமிலியா 33, நோபிளஸ் 30, ஆக 78 பூ. ஓசூர்க் கட்டு ஒன்றுக்கு 20 தண்டு வரும். ஆகவே அவலாஞ்ச் ஒரு கட்டு, மற்ற இரண்டும் இரண்டிரண்டு கட்டு. மீதி வரும் 22 பூவை வீண் என்று நினைக்காதீர்கள். வழியில் கழுத்து மடிந்தது, இதழ் கீறியது, மாப்பிள்ளைக்குச் சாயங்கால வரவேற்புக்கு வேண்டிய இரண்டாவது கோட்டுப் பூ, எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

நிறத்தை முடிவு செய்யும்போது கடைக்காரருக்குக் கைப்பேசிப் படம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கைப்பேசியும் சந்தன நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். புடவையோடு வந்த பிளவுஸ் துணியில் தைத்தது போக மிஞ்சிய துண்டு ஒன்றையும் தோழிகளின் துணியில் ஒரு துண்டையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பூவைத் துணிமேல் வைத்து, கடையின் ட்யூப் லைட்டில் ஒரு முறையும் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் ஒரு முறையும் பாருங்கள். காலையில் ஆலயத்தில் சன்னல் வெளிச்சமும் மாலையில் மண்டபத்தில் மஞ்சள் விளக்கும் என்று இரண்டு வெளிச்சங்களில் இந்தப் பூக்கள் நிற்கப் போகின்றன. மஞ்சள் விளக்கின் கீழ் நோபிளஸ் சற்றே பவள நிறத்துக்குப் போகும். அது உங்கள் துணிகளுக்குக் கெடுதல் இல்லை.

அவலாஞ்ச் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து மொட்டாக இறங்கும்போது அதன் வெளி இதழ்களில் பச்சைச் சாயல் இருக்கும், உள்ளே எலுமிச்சைத் தோலின் உட்புறம் போன்ற வெளிர்மை தெரியும். தண்ணீரில் நின்று விரிய விரிய நடுப்பகுதி பாலாடை நிறத்துக்கு வரும். அந்தப் பாலாடை நிறம்தான் சந்தன வெள்ளைப் பட்டுக்குப் பொருந்துவது. நான் கடை வைத்த புதிதில், சந்தனப் பட்டு உடுத்த ஒரு மணமகளுக்குத் திருமணத்தன்று விடியற்காலையில் பெட்டியைப் பிரித்து மொட்டுகளாகவே கட்டிக் கொடுத்துவிட்டேன். பூ புத்தம் புதியது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பச்சை வெள்ளைக்குப் பக்கத்தில் புதுப்பட்டு படம் முழுவதிலும் பழம்புடவையாகத் தெரிந்தது. அந்தத் தாயார் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்தான் இன்றுவரை மறக்கவில்லை. அதிலிருந்து வெள்ளை ரோஜாவை மூன்று நாள் முன்பும் மற்றவற்றை இரண்டு நாள் முன்பும் இறக்குவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கட்டுவதற்குச் சற்று முன்னர், பச்சை ஓடிய வெளி இதழ்கள் இரண்டு மூன்றை அடியோடு மெல்லக் கிள்ளி எடுத்துவிடுவேன்.

இப்போது மாலைக்கு வருகிறேன். மாலைக் கடையில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் நிலச்சம்பங்கியில் அடர்சிவப்பு ரோஜா வைத்துக் கட்டிய மாலை வருவதற்கே வாய்ப்பு அதிகம். அது வந்துவிட்டால் நாம் இவ்வளவு பார்த்துச் சேர்த்த மூன்று நிறத்துக்கும் குறுக்கே நாலாவதாக ஒரு நிறம் வந்து நின்றுகொள்ளும். நீங்கள் தோவாளைப் பூச்சந்தையில் சொன்னாலும் திருநெல்வேலியிலேயே சொன்னாலும், நிலச்சம்பங்கியை முக்கியமாக வைத்து, இடையிடையே பன்னீர் ரோஜாவின் இளஞ்சிவப்பு மட்டும் வரும்படி கட்டச் சொல்லுங்கள். தோழிகளின் துணித் துண்டை மாலை கட்டுபவர் கையிலும் ஒன்று கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு நிறம் பார்க்கும் கண் நம்மைவிடக் கூர்மையானது, யாரும் காட்டுவதில்லை என்பதுதான் குறை. தடித்த மாலை வேண்டாம். கனமான மாலை கோட்டுப் பூவை நசுக்கி, பட்டிலும் கோட்டிலும் ஈரம் இறக்கும். மாலை போடுவதற்கு முன் மாப்பிள்ளைத் தோழன் ஒரு நிமிடம் முன்னால் வந்து கோட்டுப் பூவைக் கழற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இதை அவரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், பீடத்துக்கு முன்னால் நின்று சைகை காட்டிப் பயனில்லை.

பூவை டிசம்பர் கடைசிக்குள் சொல்லி வைத்துவிடுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கத்திய குளிர்ந்த இரவில் வளர்ந்த பூ இரவு முழுதும் பெட்டிக்குள் பயணம் செய்து நம் ஊர் வெயிலில் வந்து இறங்குகிறது. தண்டின் அடியில் காற்று புகுந்து தண்ணீர் ஏறும் வழியை அடைத்துக்கொள்வதால்தான் ரோஜா கழுத்தை மடிக்கிறது. பெட்டி வந்தவுடன் கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, தண்டின் அடியை வாளித் தண்ணீருக்குள் வைத்தபடியே சாய்வாக இரண்டு அங்குலம் வெட்டி, கழுத்து வரை தண்ணீரில் நான்கு மணி நேரமாவது இருட்டான, குளிர்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இதைக் கடைக்காரர் செய்வார் என்றாலும், செய்கிறாரா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். இதழ்மேல் தண்ணீர் தெளிக்கவிடாதீர்கள். ஈரம் நின்ற இடத்தில் பழுப்புப் புள்ளி விழும்.

பூக்கள் வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது வாழைப்பழம். கல்யாண வீட்டில் ஏதாவது ஓர் அறையில் பழத்தார் சாய்த்து வைத்திருப்பார்கள், குளிர்ச்சியான அறை என்று பூக்களையும் அங்கேயே கொண்டுபோய் வைப்பார்கள். பழுக்கும் பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு ரோஜாவைச் சீக்கிரம் முதிரவைத்து இதழை உதிர்க்கும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானாலும் பழங்களை வெளியே எடுத்துவிட்டு, உறைபெட்டிக்குத் தள்ளிய கீழ்த்தட்டில் வையுங்கள்.

செண்டு கட்டும் முறையில் உங்களுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் பச்சைப் பஞ்சு வைத்து அதில் பூவைக் குத்தும் முறை பல கடைகளில் வழக்கம். செய்வது சீக்கிரம், ஆனால் பஞ்சு தண்ணீர் குடித்துக் கனக்கும், சாய்ந்தால் பட்டில் சொட்டும். தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாகச் சாய்த்துச் சுற்றிக்கொண்டே வந்து கையில் கட்டும் செண்டைக் கேளுங்கள். கடைசி நிமிடம் வரை அதை ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். ஆலயத்துக்குப் புறப்படும்போது துடைத்து ரிப்பன் சுற்றினால் போதும். ரிப்பன் சந்தன நிறத்தில் இருக்கட்டும், தோழிகளுக்கும் அதே ரிப்பன். முள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, சிறுமிகளின் செண்டில் இரண்டு முறை தடவிப் பார்க்க வேண்டும். தாலி கட்டும்போதும் பதிவேட்டில் கையெழுத்திடும்போதும் தங்கை தன் செண்டை முதல் தோழியிடம் கொடுப்பாள் என்பதால் அந்தத் தோழி இரண்டு செண்டை ஒரு கையில் பிடிக்க வேண்டியிருக்கும். தோழிகளின் செண்டைச் சின்னதாகச் சொன்னதற்கு இதுவும் காரணம். பிடிக்கும் உயரத்தையும் தங்கைக்குச் சொல்லுங்கள். பயத்தில் எல்லாரும் செண்டை நெஞ்சுக்கு ஏற்றிக்கொள்வார்கள். முழங்கை தளர்ந்து, செண்டு இடுப்புக்குச் சற்று மேலே இருந்தால் சரிகையும் தெரியும், பூவும் தெரியும்.

கோட்டுப் பூவை முதல் நாளே செய்து வாங்காதீர்கள். தண்டை வெட்டிக் கம்பி கோத்துப் பச்சை டேப் சுற்றிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பூவுக்குத் தண்ணீர் கிடையாது, தன்னிடம் இருப்பதை வைத்துத்தான் அது அன்றைய பொழுதைத் தள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு மேல் கட்டி, மூடியிட்ட டப்பாவில் அடியில் ஈரப் பஞ்சும் அதன்மேல் காய்ந்த காகிதமும் விரித்து வைத்தால் பத்தரை மணிக்குப் புதிதாக இருக்கும். பாதி விரிந்த, கெட்டியான பூவாகப் பொறுக்குங்கள். முழுதாக விரிந்தது மூன்று பேர் கட்டிப்பிடித்து வாழ்த்தியதும் உதிர்ந்துவிடும். ரோஜாவுக்குப் பின்னால் வைக்கும் இலைக்கு நான் மரிக்கொழுந்தைச் சொல்வேன். நீண்ட நாள் நிற்பதற்காக உருவாக்கிய இந்த வெட்டு ரோஜாக்களுக்கு மணம் மிகக் குறைவு. ஒரு கொத்து மரிக்கொழுந்தின் சாம்பல் பச்சை கருநீலத்தின்மேல் நன்றாக எடுக்கும், வாடினாலும் அதன் வாசனை போகாது. மணமகளின் செண்டின் ஓரத்திலும் நாலைந்து கொத்து வைத்துவிட்டால் இருவருக்கும் அதுவே இன்னொரு பொருத்தம்.

குத்துவது இடப்பக்கக் காலரில், தண்டு கீழ்நோக்கி. கோட்டில் அதற்கான துளை தையலோடு மட்டும் நின்று, வெட்டாமல் இருக்கும். தையற்காரரிடம் முன்கூட்டியே கொடுத்து வெட்டி வாங்கிவிடுங்கள். துளை இல்லாவிட்டால் காலரின் பின்புறமிருந்து ஊசியை ஏற்றி, தண்டின் குறுக்கே கொண்டுவந்து மறுபடி துணிக்குள் இறக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் ஊசி தெரியக் கூடாது. இதை ஒருவர் எல்லாருக்கும் செய்வதுதான் நல்லது, ஆளாளுக்குக் குத்தினால் எட்டுப் பூவும் எட்டு உயரத்தில் நிற்கும்.

செயற்கைப் பூ வேண்டாம். மேலே சொன்னபடி தண்ணீர் காட்டிய ரோஜா நம் ஊர்ப் பிப்ரவரி வெயிலை ஒரு பகல் தாங்கும். காரின் முகப்புக்கும் மண்டபத்து உயரத் தோரணத்துக்கும் செயற்கைப் பூ வைத்தால் தவறில்லை; உயிருள்ள செண்டுக்குப் பக்கத்தில், மூன்றடித் தூரத்தில், அது நிற்கக் கூடாது.

பெரியப்பாவுக்குக் கட்டாயம் பூ குத்துங்கள். தகப்பன் இடத்தில் நின்று தங்கையை அழைத்து வருபவர் அவர்; மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்ன பூவோ அதே ஜுமிலியா, அதே அளவு. பட்டுச் சட்டையில் ஊசி நேரடியாக ஏறினால் இழை ஓடிவிடும். சட்டைப் பைக்கு மேல், உட்புறத்தில் அதே நிறத்தில் இரண்டங்குலத் துணித் துண்டு ஒன்றை நாலு தையல் போட்டு வைத்தால் ஊசி அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பூ முன்னால் சரியாது. துணியைத் துளைக்காமல் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் காந்தப் பிடிப்பும் கடையில் கிடைக்கும், பட்டுக்கு அது இன்னும் நல்லது. ஆனால் அவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் காந்தத்தை நெஞ்சுப் பக்கம் கொண்டு போகவே கூடாது, துணித் துண்டும் ஊசியும்தான். அங்கவஸ்திரத்தை அவர் இடத் தோளில் போடும் வழக்கமுள்ளவரா என்று பாருங்கள். அப்படியானால் அன்று ஒரு நாள் வலத் தோளுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தங்கை அவருடைய வலப்பக்கமாகக் கைபிடித்து நடந்தால் இடப்பக்கத்தில் இருக்கும் அந்தப் பூ நசுங்காமல் பீடம் வரை போய்ச் சேரும். ஒத்திகைக்கு ஆலயத்துக்குப் போகும் அன்றே இருவரையும் அந்தப் பக்கமாக நடக்கவைத்துப் பார்த்துவிடுங்கள்.